பாரில் ஏறும் எடை நெஞ்சில் ஏறாதது ஏன்?

வாசகர் கேள்வி - பதில்: உடற்பயிற்சி

கேள்வி: வயது 24, எடை 62 கிலோ. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 40 கிலோவில் ஆரம்பித்து இப்போது 75 கிலோவை மூன்று தடவை தூக்குகிறேன். ஆனால் நெஞ்சளவு 36 அங்குலத்திலேயே நிற்கிறது. திங்கட்கிழமை மட்டும்தான் செஸ்ட்: 75 கிலோவில் மூன்று மூன்றாக ஐந்து செட் (இடையில் ஓய்வெடுக்காமல் செய்கிற ஒரு சுற்று ஒரு செட்), அப்புறம் மெஷினில் இரண்டு செட். உடம்பு எடை இந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு கிலோ கூடியிருக்கிறது. காலையில் நாலு இட்லி, மதியம் சாதம், சாம்பார், ஒரு முட்டை, இரவு மூன்று தோசை, இரண்டு வேளை டீ. ஞாயிறு மட்டும் கறி. சட்டை போட்டால் ஜிம்முக்குப் போகிறவன் என்று யாரும் நம்புவதில்லை. எங்கே தப்பு?
- வாசகர், காரைக்குடி

பதில்: மூன்று மூன்றாகத் தூக்குவது, வாரத்துக்கு ஒரே நாள், கூடாத உடம்பு எடை. தப்பு இந்த மூன்றில்தான் இருக்கிறது.

உங்கள் பலம் கூடியது பொய்யில்லை. ஆனால் ஆரம்ப மாதங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளின் வேலை. ஏற்கெனவே இருக்கிற தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை பழகுகிறது. பார் எந்தக் கோட்டில் இறங்கி எந்தக் கோட்டில் ஏற வேண்டும் என்பது கைக்குப் படிந்துவிடுகிறது. பெரிய எடையை ஒன்றிலிருந்து ஐந்து தடவை வரை தூக்குகிற பயிற்சி இதை வளர்ப்பதில் கெட்டி. பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிறவர்கள் உடம்பு எடையை ஒரே பிரிவுக்குள் வைத்துக்கொண்டே தூக்கும் எடையை ஏற்றுவது இதனால்தான்.

தசை பருமனாக வேறு கணக்கு. ஒரு செட்டில் ஆறிலிருந்து பதினைந்து ரெப் (தடவை) வரை போக வேண்டும். 'இன்னும் ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான் வரும்' என்கிற நிலையில் செட்டை முடிக்க வேண்டும். இப்படிப்பட்ட கடினமான செட் வாரத்துக்குப் பத்திலிருந்து இருபது வரை தேவை. நீங்கள் பாரில் செய்வது வாரத்துக்கு மொத்தம் பதினைந்தே ரெப். அதைச் செய்துவிட்டு அடுத்த திங்கள் வரை நெஞ்சுக்கு லீவு விட்டுவிடுகிறீர்கள்.

அந்தப் பதினைந்திலும் நெஞ்சின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நெஞ்சுத் தசையின் ஒரு பக்கம் காறை எலும்பிலும் மார்பெலும்பிலும் பிடித்திருக்கிறது, மறுபக்கம் மேற்கை எலும்பில். மேற்கையை உடம்புக்குக் குறுக்கே உள்ளே இழுப்பதுதான் அதன் முக்கிய வேலை. முழங்கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸின் வேலை. கையைக் குறுக்கிப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, பாரை நெஞ்சில் மோதித் துள்ளவிட்டால் 75 கிலோ மேலே போகும். ஆனால் நெஞ்சுத் தசை நன்றாக இழுபடும் அடிப்பகுதியில் துள்ளல்தான் வேலை செய்திருக்கும், தசை சும்மா இருந்திருக்கும்.

அடுத்த திங்கள் ஒரு சோதனை செய்யுங்கள். 60 கிலோ போடுங்கள். மூன்று விநாடி எடுத்து இறக்கி, நெஞ்சைத் தொட்டதும் ஒரு விநாடி அசையாமல் நிறுத்தி, பிறகு தள்ளுங்கள். ஏழெட்டு தடவை வந்தால் உங்கள் 75 சுத்தமானது. நாலில் நின்றால் அதில் ஒரு பங்கு துள்ளல். எங்கே சிக்குகிறது என்றும் கவனியுங்கள். நெஞ்சை விட்டுக் கிளம்பாமல் சிக்கினால் நெஞ்சும் முன்தோளும் களைத்திருக்கின்றன. முக்கால்வாசி ஏறிச் சிக்கினால் டிரைசெப்ஸ் களைத்திருக்கிறது.

படுக்கும் முறை: தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் கூட்டி, கொஞ்சம் கீழே இறக்கி, பெஞ்சில் அழுத்தி வையுங்கள். செட் முடியும்வரை அவை பிரியக்கூடாது. பாரை மேலே தள்ளும்போது தோளும் சேர்ந்து முன்னால் எழுவதுதான் நம் ஊர் ஜிம்களில் அதிகம் பார்க்கும் தப்பு. பார் நெஞ்சில் இருக்கும்போது முன்கை தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், பிடி அகலத்துக்கு அதுதான் அளவு. முழங்கை விலாவிலிருந்து 45 முதல் 70 டிகிரி விலகியிருக்கட்டும். பார் முலைக்காம்பு மட்டத்திலோ ஒரு விரல் கீழேயோ தொடட்டும். முதுகில் சின்ன வளைவு இருக்கலாம், இடுப்பு எழும்பக்கூடாது. கட்டைவிரலைப் பாருக்குக் கீழே சுற்றிப் பிடியுங்கள். எல்லா விரலையும் ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கிற பழக்கத்தில் பார் வழுக்கினால் நேராகக் கழுத்தில் விழும்.

இனி அட்டவணை. செஸ்ட்டை திங்கள், வியாழன் என்று இரண்டாகப் பிரியுங்கள். திங்கள் அன்று பெஞ்ச் பிரஸ் 60 கிலோவில் எட்டு எட்டாக மூன்று செட், பிறகு கேபிள் அல்லது டம்பெல் ஃப்ளை (விரித்த கைகளை நெஞ்சுக்கு முன்னால் கூட்டுவது) பன்னிரண்டு முதல் பதினைந்து வரை மூன்று செட். வியாழன் அன்று இன்கிளைன் டம்பெல் பிரஸ் (தலைமாடு உயர்ந்த பெஞ்சில் சாய்ந்து டம்பெல்லைத் தள்ளுவது), கைக்கு 15 கிலோவில் தொடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு வரை மூன்று செட். அடுத்து, கைகளைக் கட்டை மேல் ஊன்றி ஆழமாக இறங்கும் புஷ்-அப் மூன்று செட். மொத்தம் பன்னிரண்டு. இன்கிளைன் பெஞ்சை 30 டிகிரிக்கு மேல் நிமிர்த்தாதீர்கள். பல பெஞ்சுகளில் சாய்வை மாற்றும் முதல் ஓட்டை அதுதான், சிலவற்றில் முதல் ஓட்டையே 45. அப்படியானால் தட்டையான பெஞ்சின் தலைமாட்டுக் காலுக்கடியில் 20 கிலோ பிளேட் இரண்டை அடுக்கி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். சாய்வு கூடக் கூட வேலை முன்தோளுக்குப் போய்விடும்.

மூன்று செட்டிலும் எட்டு எட்டு வந்ததும் எடையை ஏற்றாதீர்கள். பத்து பத்து வரும்வரை அதே 60-ல் நில்லுங்கள். வந்தபின் பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். சின்ன ஊர் ஜிம்களில் 1.25 பிளேட் இருக்காது, இருந்தாலும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பன்னிரண்டு பன்னிரண்டு வரும்வரை பொறுத்து, பக்கத்துக்கு 2.5 ஏற்றுங்கள். செட்டுக்கு நடுவே இரண்டிலிருந்து மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும். மூன்று பேர் ஒரே பெஞ்சை மாற்றி மாற்றிப் பிடித்தால் அந்த இடைவெளி தானாக அமைந்துவிடும். ஆறு வாரம் கழித்து, அடுத்த பயிற்சிக்குள் வலி தணிந்துவிடுகிறது, ஆனால் ரெப் கூடவில்லை என்றால் திங்கள், வியாழன் இரண்டிலும் ஒரு செட் சேருங்கள். மூன்று மூன்றாகத் தூக்குவதில் ஆசை விடவில்லையா? திங்களன்று முதலில் ஒரே ஒரு செட் அப்படிச் செய்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள், கெடுதல் இல்லை.

சாப்பாடு. 62 கிலோவுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளுக்கு சுமார் 100 கிராம் புரதம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் 45-ஐத் தாண்டுவது கஷ்டம். மேற்கொண்டு மூன்று முட்டை 18 கிராம், அரை லிட்டர் பால் 16, எலும்பில்லாமல் எடைபோட்ட பச்சைக் கோழிக்கறி 100 கிராமில் 22. குறை தீர்ந்தது. கறி இல்லாத நாளில் சோயா உருண்டை 40 கிராம், அதில் 20. செட்டிநாட்டுச் சமையல் என்று பெயர்தான் பெரிது, வீட்டில் தினப்படி நடப்பது சாதமும் குழம்பும். கோழி மிளகு வறுவல் ஞாயிற்றுக்கிழமை விஷயம். அதிலும் எலும்பு போகத் தட்டில் விழும் சதை கொஞ்சம்தான்.

முட்டையும் பாலும் மட்டுமே சுமார் 500 கலோரி கூட்டும், இந்தப் பட்டியலுக்கு மேல் எதுவும் திணிக்க வேண்டாம். பதிலுக்கு இட்லியைக் குறைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் வரை எடை ஏறினால் சரியான வேகம். அதைவிட வேகமாக ஏறினால் கூடுவது வயிறு. இரண்டு வாரம் ஆகியும் முள் நகரவில்லை என்றால் 50 கிராம் வேர்க்கடலை சேருங்கள்.

டேப்பைக் காலையில், வெறும் வயிற்றில், கையைத் தொங்கவிட்டு, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், முலைக்காம்பு மட்டத்தில் சுற்றுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். மாதம் ஒரு தடவை போதும். டேப் முதுகையும் சேர்த்து அளக்கிறது என்பது நினைவிருக்கட்டும். முதுகுப் பயிற்சியை நிறுத்திவிட்டு செஸ்ட் மட்டும் செய்கிறவர்களுக்கு நெஞ்சு நன்றாக வளர்ந்தும் டேப் பெரிதாகக் காட்டாது. எண்ணை எதிர்பார்ப்பதானால் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஜிம் கிடையாது. காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போய்வர நேரமில்லை. தினமும் 100 தண்டால் எடுக்கிறேன். ஒரு வருஷமாகியும் நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது.
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தண்டாலில் உடம்பு முன்னும் பின்னும் ஊர்ந்து எழுவதால் சுமை தோளுக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் பிரிந்துவிடுகிறது. உடம்பு முழுதுக்கும் நல்ல பயிற்சி, நெஞ்சைப் பருமனாக்க மட்டும் சுற்றுவழி. நூறு சுலபமாக வருகிறது என்றால் அது இப்போது மூச்சுக்கான பயிற்சி ஆகிவிட்டது.

நேரான புஷ்-அப்புக்கு மாறுங்கள். சாதாரண புஷ்-அப்பில் உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கையில் விழும். காலைத் திண்ணையில் ஏற்றி வைத்தால் அது முக்கால் பங்கை நெருங்கும். இரண்டு செங்கலைத் தோளைவிடக் கொஞ்சம் அகலமாகத் தட்டையாகப் போட்டு, அதில் கை ஊன்றி, நெஞ்சு செங்கல் மட்டத்துக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். அந்த மூன்று அங்குலம்தான் முக்கியம். செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தாதீர்கள், சாயும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையானால் கண்ணாடி மாதிரி வழுக்கும். செங்கலுக்கு அடியில் ஈரச் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், வியர்வை சொட்டினால் உடனே துடையுங்கள்.

ஒரு செட்டில் இருபதுக்கு மேல் வரத் தொடங்கினால் ஸ்கூல் பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டி மாட்டுங்கள், வாரை இறுக்கிப் பை கழுத்துக்கு நகராமல் பாருங்கள். பிறகு எட்டு, பத்து என்று ஏற்றலாம். நாள் விட்டு நாள், நாலு செட், ஒவ்வொன்றும் இன்னும் ஒன்றிரண்டுதான் வரும் என்ற இடம்வரை. தினசரி நூறு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். தண்டால் பிடிக்கும் என்றால் வார்ம்-அப்புக்கு இருபது எடுங்கள்.

கேள்வி: பெஞ்ச் பிரஸ் செய்தால் இடது தோளின் முன்பக்கம் குத்துகிறது. மாஸ்டர் பழகினால் சரியாகிவிடும் என்கிறார்.
- வாசகர், தேவகோட்டை

பதில்: குத்துகிற வலிக்குப் பழகக்கூடாது. பெரும்பாலும் முழங்கை தோள் மட்டத்துக்கு விரிந்து, பார் கழுத்துப் பக்கம் இறங்குவதுதான் காரணம். இரண்டு வாரம் பாரை விடுங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி டம்பெல் பிடித்து, தரையில் படுத்துத் தள்ளுங்கள். முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடுவதால் தோள் அதிகம் பின்னால் போகாது. வாரத்தில் தள்ளும் பயிற்சி எத்தனை செட்டோ அத்தனை செட் ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) போன்ற இழுக்கும் பயிற்சியும் வேண்டும். வலியில்லாமல் தள்ள முடிந்த பிறகு பாருக்குத் திரும்புங்கள், பழைய எடையில் பாதியிலிருந்து.

இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் வலித்தாலோ, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தூக்கும்போது அக்குள் பக்கம் 'பட்'டென்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து, பிறகு மேற்கையில் ரத்தம் கட்டினால் அது வேறு விஷயம். நெஞ்சுத் தசைநாண் கிழிந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் அந்த வாரமே போக வேண்டும், தள்ளிப்போட்டால் தைப்பது கடினமாகிவிடும்.

கேள்வி: நெஞ்சு நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப எந்தப் பயிற்சி?
- வாசகர், புதுவயல்

பதில்: எதுவும் இல்லை. தசை மார்பெலும்பில் எங்கே பிடித்திருக்கிறதோ அது பிறவி அமைப்பு. மொத்தத் தசையும் தடித்தால் இடைவெளி பார்வைக்குக் குறுகும்.

கேள்வி: கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, தைப்பூசத்துக்குப் பழநி நடை. வருஷம் பூராவும் சேர்த்தது இந்த இரண்டு மாதத்தில் கரைந்துவிடுகிறது. எடை 70 கிலோ.
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: விரதத்தில் கரைவது கறி நின்றதால் அல்ல. கறிக்குப் பதில் எதுவும் வராததால். அதே கிலோவுக்கு 1.6 கணக்கில் உங்களுக்கு நாளுக்கு 112 கிராம் புரதம் வேண்டும். உலர்ந்த எடையில் சோயா 50 கிராம் (புரதம் 26), பால் அரை லிட்டர் (16), பனீர் 100 கிராம் (18), தயிர் 300 கிராம் (10), சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பில் உங்கள் பங்கு 60 கிராம் (13), கொண்டைக்கடலைச் சுண்டல் 60 கிராம் (12), வேர்க்கடலை 40 கிராம் (10), சாதமும் இட்லியும் சேர்ந்து ஒரு 15. மொத்தம் 120. சாம்பாரில் பருப்பு தண்ணீராக ஓடினால் இந்தக் கணக்கு நிற்காது, கெட்டியாக வையுங்கள்.

சோயாவின் வாடை பிடிக்காமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொதிநீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு தடவை இறுகப் பிழியுங்கள். பிறகு சோம்பு, கல்பாசி, மிளகு வறுத்து அரைத்துப் போட்டு, கறிவேப்பிலையோடு நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். விரதத்தில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கும் இது ஒத்துவரும். செட்டிநாட்டு இனிப்பான கும்மாயம் நல்லதா என்று கேட்கிறவர்கள் உண்டு. உளுந்தும் பாசிப்பருப்பும் அதில் இருப்பதால் புரதம் உண்டுதான். ஆனால் நெய்யும் கருப்பட்டியும் கலோரியை ஏற்றிவிடும். ஒல்லியானவர் தாராளமாகச் சாப்பிடலாம், தொப்பை உள்ளவர் ஒரு கரண்டியோடு நிறுத்தலாம்.

பயிற்சியை விரத நாட்களில் நிறுத்த வேண்டியதில்லை. எடையைக் குறைக்காமல் செட்டைப் பாதியாக்கினாலும் தசை தங்கும். பழநி நடைக்குப் போகும் நாட்களில் நெஞ்சு வற்றினமாதிரி தெரிவது பெரும்பாலும் தசைக்குள் இருந்த மாவுச்சத்தும் அதோடு சேர்ந்த தண்ணீரும் குறைந்ததால். தசை அவ்வளவு சீக்கிரம் போகாது. திரும்பி வந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில நாளில் பழைய தோற்றம் வந்துவிடும். வழியில் அன்னதானத்தில் கிடைப்பது பெரும்பாலும் சாதம்தான். பொட்டுக்கடலையும் கடலை மிட்டாயும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் முதல் நாள் பழைய எடையில் 70 சதவீதம், பாதி செட், அதற்கு மேல் வேண்டாம். கால் கொப்புளம் ஆறும்வரை ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: மாஸ் கெயினர், வே, கிரியேட்டின், ஊசி. எதைப் போட்டால் சீக்கிரம் ஏறும்?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: மாஸ் கெயினர் பல டப்பாக்களில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். அந்தக் காசுக்கு வாழைப்பழம், பால், வேர்க்கடலை வாங்கினால் மிச்சமாகும். வே என்பது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர், ஒரு ஸ்கூப்பில் சுமார் 24 கிராம் புரதம், அதாவது நாலு முட்டை. வேளைக்குச் சாப்பிட முடியாதவருக்கு வசதி, அவ்வளவே. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும் குடிக்கலாம். ஒன்றிரண்டு ரெப் கூடுதலாக வர உதவும். முதல் வாரங்களில் ஒரு கிலோ வரை ஏறினால் அது தண்ணீர், தசை என்று துள்ளாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஊசி வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும், விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயமும் அடிவாங்கும். தசைதான் வேகமாகப் பலக்கும், தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. மேலே சொன்ன அந்த 'பட்' சத்தம் இவர்களுக்கு அதிகம் கேட்பது அதனால்தான்.

கேள்வி: வயது 19. முலைக்காம்புக்குக் கீழே கொழுப்பு மாதிரி துருத்திக்கொண்டு இருக்கிறது. எத்தனை செஸ்ட் செய்தும் போகவில்லை. டி-ஷர்ட் போடவே கூச்சம். பெயர், ஊர் வேண்டாம்.

பதில்: தம்பி, குளிக்கும்போது இரண்டு விரலால் காம்பைச் சுற்றி மெதுவாகப் பிடித்துப் பார். முழுக்க மெத்தென்று இருந்தால் கொழுப்பு, உடம்பு எடை குறையக் குறைய அதுவும் குறையும். காம்புக்கு நேர் கீழே நாணயம் போல ஒரு கெட்டியான வட்டு தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. அதைப் பயிற்சியால் கரைக்க முடியாது, அடியில் தசை வளர்ந்தால் இன்னும் துருத்தித் தெரியவும் கூடும். விடலைப் பருவத்தில் இது நிறையப் பேருக்கு வரும், ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். பதினெட்டைத் தாண்டியும் நிற்கிறது என்றால் ஒரு தடவை பொது மருத்துவரிடம் காட்டு. அவர் ஹார்மோன் பரிசோதனை எழுதலாம், நீ சாப்பிடும் மருந்து மாத்திரை, பவுடர் எல்லாவற்றையும் கேட்பார், மறைக்காதே. தங்கிவிட்ட சுரப்பியைச் சின்ன அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் வந்தாலோ, விரையில் கட்டி தட்டுப்பட்டாலோ இந்த வாரமே போ. செஸ்ட் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.